பாசி தின்னாத மீன்கள்

ஆதிரை இறந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தன் அப்பாவை மன்னித்தாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பரஞ்சோதி குளித்துவிட்டு, நெற்றியில் ஈரம் காயாத விபூதியோடு, ஹாலில் மீன்தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதில் காட்டிய கண்டிப்பை இப்போது இந்த நாற்காலியிடம் காட்டினார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"குட்மார்னிங்டா பாப்பா."

தொட்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்த ரீடர், உள்ளங்கை அளவு வட்டம், ஒருமுறை பச்சையாக மினுங்கியது.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றது ஆதிரையின் குரல். "அன்னிக்கு நீ சொன்னதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன். நீ எதையும் மனசுல வெச்சுக்காத. எனக்கு நீதான்பா உலகம்."

சமையலறையில் அவர் மனைவி சுகந்தி இட்லித் துணியை உரித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. எட்டிப் பார்த்தபோது அவர் வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் அடர்ந்த பச்சை, வெல்வெட் துணியைப் போலக் கண்ணாடியெங்கும் படிந்து மெல்ல அசைந்தது. மூன்று மீன்கள் அதன் பக்கமே போகாமல் நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து காத்திருந்தன.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. 'எனக்கு நீதான்பா உலகம்' என்ற வாக்கியத்தை ஆதிரையின் தொண்டை ஒருநாளும் சம்மதித்திருக்காது. அப்பாவின் பிறந்தநாளுக்கு, பக்கத்து அறையில் இருந்துகொண்டே, 'ஹேப்பி பர்த்டே. கேக் ஃபிரிட்ஜ்ல' என்று மெசேஜ் அனுப்பிய பெண் அது.

இறந்தவர்களைப் பாசியில் எழுதிவைப்பது அந்தச் சமயத்தில் சென்னையில் புதிதல்ல. போனில் கிடக்கும் குரல், செய்தி, வீடியோ எல்லாவற்றையும் வாங்கிப்போய், கம்பெனிக்காரர்கள் ஒரு நன்னீர்ப் பாசியின் மரபணுவுக்குள் எழுதி, வெள்ளைப் பீங்கான் தகட்டில் நட்டு, தொட்டியோடு கொண்டுவந்து வைப்பார்கள். ஜன்னலோரம் வைத்தால் போதும், வெயிலில் தானாக வளரும். கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு பச்சைத் துளியிலும் முழு மனிதர் இருப்பார். ரீடர் அந்தத் துளிகளைப் படித்துப் படித்துப் பேசும்.

அவர்களுடைய அடுக்ககத்தில் மட்டும் ஒன்பது தொட்டிகள். மூன்றாவது மாடியில் ஒரு மாமனார் இன்னமும் கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாயிற்றா என்று மருமகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். "செத்தும் நிம்மதி இல்லைடி" என்பாள் அவள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனாலும் தொட்டிக்குத் துணி போட்டு மூடமாட்டாள்.

தொட்டி வைத்தால் மீனும் வைக்க வேண்டும். விரல் நீளத்தில், மூக்கு நுனியிலிருந்து வால் வரை கறுப்புக் கோடு ஓடும் மூன்று மீன்கள். ஆல்கே ஈட்டர் என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். பாசியை மேய்வதுதான் அவற்றின் வேலை. வேறு தீனி போடக்கூடாது என்று தொட்டி வைக்க வந்தவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பரஞ்சோதி முதல் அமாவாசை வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். அன்று படையல் போட்டு, இலையோடு பால்கனியில் நின்று காக்காயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. பத்தாவது மாடிக்கு எந்தக் காக்காய் வரும்? உள்ளே வந்தவர், ஆதிரைக்குப் பிடித்த நெய் இட்லியில் ஒரு துணுக்கைப் பிய்த்து, தொட்டியில் போட்டார். ஒரு மீன் வந்து முகர்ந்தது. பிறகு விழுங்கியது.

"சுகந்தி, எடுத்துக்கிட்டாடி! நம்ம பாப்பா எடுத்துக்கிட்டா!"

அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அடுத்த அமாவாசைக்கும் போட்டார். பிறகு வெள்ளிக்கிழமைகளில். பிறகு தினமும். மீன்கள் கொழுத்தன, பாசி தடித்தது. ஆதிரையின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து, கடைசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தது.

"அது நம்ம பொண்ணு இல்லீங்க" என்றாள் சுகந்தி அன்று மத்தியானம், சாதம் பரிமாறிக்கொண்டே.

"குரல் யாருது?"

"குரல் அவளுதுதான். பேச்சு அவளுது இல்ல. 'ப்ச்' சொல்லாம அவ என்னிக்காவது உங்ககிட்ட ஒரு வாக்கியம் பேசியிருக்காளா?"

"மனசு மாறக் கூடாதா?"

"செத்தவங்களுக்கு எப்படிங்க மனசு மாறும்?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "ஒரு வருஷமா நானும் தினம் கேட்டேன். மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மான்னு. 'ப்ச், அப்புறம் பேசலாம்ப்பா'ன்னே சொல்லிட்டிருந்தா. அந்த 'அப்புறம்' இன்னிக்குத்தான் வந்திருக்கு. நீ அதையும் பிடுங்கிக்காத."

சுகந்தி மோர்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் மனதில் ஓடியது வேறு. போர்ட் பிளேரில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஆதிரை சொன்ன அந்தச் சாயங்காலம், "போறதுன்னா இப்பவே போ, திரும்பி இந்த வாசல்ல வந்து நிக்காத" என்று இவருடைய இதே வாய்தான் கத்தியது. ஆதிரை ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மழை. மேம்பாலம். லாரி. சுகந்திக்கு மிச்சமிருந்தது அந்தப் பெண்ணின் கோபம் ஒன்றுதான், அது நியாயமான கோபம். அதையும் இட்லி போட்டு அழித்துவிட்டு, இந்த மனிதர் நிம்மதியாக மோர் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

தன் பெண் தனக்குத் திரும்ப வேண்டும், கோபத்தோடேயே வரட்டும். அவள் அன்று முடிவெடுத்தது அவ்வளவுதான்.

அடுத்த மாதம் வேலூரில் இருந்த பரஞ்சோதியின் அக்காவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் உடனிருக்க அவர் கிளம்பினார். போகும்போது தொட்டிக்கு முன் குனிந்து, "அப்பா சீக்கிரம் வந்துடறேன். அம்மா இட்லி போடுவா" என்றார்.

"பத்திரமா போய்ட்டு வாங்கப்பா, செல்ல அப்பா" என்றது தொட்டி.

அவருடைய ஆட்டோ தெருமுனை திரும்பியதும் சுகந்தி மூன்று மீன்களையும் வலையில் பிடித்து, மூடிபோட்ட மாவு வாளியில் விட்டு, கொளத்தூருக்கு பஸ் ஏறினாள்.

அங்கே மீன் விற்கும் எஸ்தரின் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. ஒரு காலத்தில் தங்கமீனும் ஃபைட்டரும் விற்ற கடை. இப்போது பாதிக்கு மேல் இந்தத் தொட்டிக்காரர்களுக்கான சாமான்கள்தான். எஸ்தர் வாளிக்குள் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாக்கா இது, ஆல்கே ஈட்டரா, அயிரை மீன் கொழம்புக்கு வளக்கிறியா? இன்னா போட்ட?"

"இட்லி."

"சட்னியும் வெச்சியா?"

சுகந்தியின் முகத்தைப் பார்த்ததும் எஸ்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டூலைத் தள்ளினாள். "குந்துக்கா. யாரு தொட்டியில?"

"பொண்ணு."

"அய்யோ ஆண்டவரே." அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இப்ப தேனா பேசுதா?"

"எப்படித் தெரியும்?"

"எல்லாத் தொட்டியும் அப்டித்தாங்கா. கேளு. பாசி ஒண்ணு ரெண்டாவுது, ரெண்டு நாலாவுது. ஒவ்வொரு தபாவும் ஒம்பொண்ணை மறுபடி மொதல்லேர்ந்து எழுதுது. எழுதறப்போ அங்க ஒரு எழுத்து, இங்க ஒரு எழுத்து விட்டுப்பூடும். தகட்டோட ஒட்டினு இருக்குது பாரு, அது அசலு. அதுலேர்ந்து மொளைக்கிறது ஏறக்கொறய அசலு. மேல மேல படியறதெல்லாம் நகலோட நகலோட நகலு."

"விட்டுப்போன எடத்துல?"

"ரீடரு ரொப்பும்."

"எதை வெச்சு?"

"கம்பெனிக்காரன் இன்னாத்த வெச்சு ரொப்புவான்? நீ நாளைக்கும் வந்து அது முன்னாடி குந்தணும்னுதானே பாப்பான். வசவையா வெப்பான்? சக்கரையக் கொட்டுவான்." எஸ்தர் வாளியைத் தட்டினாள். மீன்கள் சோம்பலாகத் திரும்பின. "அதுக்குத்தான் மீனு. மேல படிஞ்சத மேஞ்சினே இருந்தா கீழேர்ந்து புச்சா மொளச்சினே இருக்கும். நீ இட்லி போட்டா அது ஏன் போயி பாசியக் கொறிக்குது? இனிமே இதுங்க தேறாதுக்கா. வாய் கெட்டுப்போச்சு."

"புதுசா மூணு கொடுங்க. பசியோட இருக்கிறதா."

எஸ்தர் உடனே எழவில்லை. "ஒண்ணு யோசன பண்ணிக்கோ. மேஞ்சது மேஞ்சதுதான். இப்ப பேசற பொண்ணு திரும்ப வராது."

"அது என் பொண்ணு இல்ல."

"இருக்காதுதான்." எஸ்தர் கல்லாவுக்குப் பின்னால் பச்சை மண்டிக் கிடந்த ஒரு சிறிய தொட்டியைக் கண்ணால் காட்டினாள். "அங்க பாரு, எங்க வூட்டுக்காரரு. நான் மீன் விக்கிறவ, எனக்குத் தெரியாதா? தெனம் அதுங்களுக்கு போண்டா பிச்சுப் போடறேன். உசுரோட இருந்தப்போ ஒரு நாளு 'சாப்ட்டியாடி'ன்னு கேட்டதில்ல அந்த மனுசன். இப்ப கேக்குது. நான் ஏன் அசலைத் தேடிப் போறேன்?"

சுகந்தி புதிய மீன்களோடு வீடு திரும்பினாள். ஒட்டிய வயிறும் பெரிய கண்களுமாக மூன்று குட்டிகள். தொட்டியில் விட்ட மறுநிமிஷமே கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டு வாயை அசைக்கத் தொடங்கின. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பச்சைத் திரையில் முதலில் நகக்கீறல் போல ஒரு கோடு. பிறகு ஒரு கிளை. சாயங்காலத்துக்குள் வெயில் உள்ளே நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல்.

மூன்றாம் நாள் 'செல்ல அம்மா' போயிற்று. அதற்கடுத்த நாள் குரல் பாதி வாக்கியத்தில் தடுமாறி நின்றது. சுகந்திக்குப் பயமாக இருந்தது. உள்ளதையும் கெடுத்துவிட்டேனோ என்று சாப்பிடாமல் கிடந்தாள். மீன்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தகட்டின் வெள்ளை தெரியத் தெரிய, அதன்மேல் பூனை முடி போலப் புதிய இளம்பச்சை அரும்பியது.

ஒரு காலை அவள் ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்தது அது.

"ப்ச். அம்மா, தூசி கெளப்பாத."

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. சுகந்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா?"

"என்ன?"

"இன்னொரு தடவை சொல்லு."

"எத? ப்ச்சா? லூசாம்மா நீ?"

சுகந்தி சிரித்தாள். அழுகையும் அதிலேயே கலந்து வந்தது. கணவர் வரும்வரை இருந்த இரண்டு நாளும் அவள் வீட்டில் தீபாவளி. ஆதிரை சாம்பாரைக் கிண்டல் செய்தாள். "அதுல ஒரு முருங்கைக்காயைத் தேடறதுக்கு மேப் போடணும்மா" என்றாள். அம்மாவின் நைட்டியை, அப்பா வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பதை, மாடி வீட்டுக் குழந்தை வயலின் கற்பதை, எதையும் விடவில்லை. ஒரு கேள்விக்கு முழுப் பதில் சொல்வதில்லை. பாதியில், "அப்புறம் பேசலாம், நௌஷீன் கால் பண்றா" என்று சிநேகிதியைச் சாக்குச் சொல்லிக் கத்தரித்தாள். எவ்வளவு பழைய, எவ்வளவு அருமையான அலட்சியம்! சுகந்தி வெங்காயம் நறுக்குவதைக்கூடத் தொட்டிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.

கணவர் திரும்பி வரும் நாள் காலை. வேலூர் ரயில் வந்துவிட்டது, ஆட்டோவில் வந்துகொண்டிருக்கிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தார். இட்லி வெந்துகொண்டிருந்தது. டிவியில் ராசிபலன் ஓடியது. சுகந்தி தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவர் கேட்க வேண்டிய பதிலை முதலில் தான் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். அவள் மனதில் ஒரு கடுமை இருந்தது. வரட்டும், கேட்கட்டும், சர்க்கரை இல்லாமல் ஒருமுறை கேட்கட்டும்.

"பாப்பா, அன்னிக்கு சாயங்காலம் அப்பா உன்ன அப்படிச் சொன்னாரே. உனக்கு எப்படிடா இருந்துச்சு?"

ரீடர் மினுங்கியது. மேம்பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கி நின்று ஆதிரை தன் சிநேகிதி நௌஷீனுக்கு நீளமாக ஏதோ பேசி அனுப்பியிருக்கிறாள் என்பது சுகந்திக்குத் தெரியாது. ஆதிரை இறந்தபின் அவள் போனைத் திறக்க அப்பா அம்மா இருவருக்குமே தைரியம் வரவில்லை. அப்படியே கம்பெனிக்காரர்களிடம் கொடுத்திருந்தார்கள். ஆதிரைக்குத் தெரிந்த கடைசி விஷயங்கள் அந்த மழையும் அந்தப் பேச்சும்தான்.

"அப்பாவா? அவரை விடும்மா. அவர் கத்துவார், நாளைக்கே வாசல்ல நின்னு வாட்ச்சப் பாத்துக்கிட்டிருப்பார். போர்ட் பிளேருக்கு டிக்கெட்டும் அவரே போடுவார், எந்த பஸ்ல ஏர்போர்ட் போகணும்னு சீட்டும் எழுதித் தருவார். அவர் மேல எனக்கென்ன கோபம்?"

சுகந்தி நாற்காலியைத் தொட்டிக்கு இன்னும் அருகே இழுத்தாள்.

"நான் கதவுகிட்ட ரொம்ப நேரம் நின்னேன்மா. செருப்பு வாரைப் போட்டுக்கிட்டே நின்னேன். நீ வந்து ஒரு வார்த்தை சொல்வன்னு. சாப்பிட்டுப் போடின்னு சொல்லியிருந்தாக்கூட உள்ள வந்திருப்பேன்." அதே குரல். அழுகை இல்லை, நடிப்பு இல்லை, வெறும் களைப்பு. "நீ ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டின."

சுகந்திக்கு அது நினைவே இல்லை. இல்லை என்று சொல்லத்தான் தலையை அசைத்தாள். அதற்குள் கட்டைவிரலுக்கு நினைவு வந்துவிட்டது. தேய்ந்து வழவழத்த ரப்பர்ப் பொத்தான். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டது, மானம் போகிறதே என்று நினைத்தது, சீரியல் பாட்டு ஹால் முழுக்க நிறைந்தது, அதற்குள் எங்கோ வாசல் கதவு சாத்தப்பட்டது. எல்லாம் வந்தது.

"ஏன்மா?"

"அக்கம்பக்கம்... கேட்டுடக் கூடாதுன்னுதான் பாப்பா..."

"அவர் கத்தினதையா? நான் அழுததையா?"

கண்ணாடியில் மூன்று மீன்களும் ஓயாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் தகடு எலும்பைப் போல வெள்ளையாக இருந்தது. ஒரு வருஷமாகத் தன் பெண் இந்த மனிதரை மன்னிக்கக் காத்திருக்கவே இல்லை என்பது சுகந்திக்குப் புரிந்தது. மன்னிக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. 'அப்புறம் பேசலாம்' என்றால் அப்புறம் பேசலாம், அவ்வளவுதான். இட்லியும் சர்க்கரையும் மூடிவைத்திருந்தது வேறொருத்தியின் கணக்கை. அதைத் தோண்டி எடுக்க அவளே வாளியோடு பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.

அழைப்பு மணி அடித்தது.

"சுகந்தி! கதவைத் தொற!"

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன். ஏன்?"

ரீடரைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கியிருக்கலாம். கை அந்தப் பக்கம் போகவில்லை. சோபாவில் கிடந்த ரிமோட்டை எடுத்தது.

"ரிஷப ராசி அன்பர்களே!" என்று ஜோசியர் அலறினார்.

அவள் கதவைத் திறந்ததும் பரஞ்சோதி பையோடு உள்ளே வந்து முகத்தைச் சுளித்தார். "என்னடி இது, ஊரே கேக்குது." பையிலிருந்து மக்கன் பேடா டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் தொட்டிக்குப் போய்விட்டார். "பாப்பா! அப்பா வந்துட்டேன்டா!"

ரீடர் பச்சையாக மினுங்கியது. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"ரீடர் ரிப்பேருங்க" என்றாள் சுகந்தி. அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. "ரெண்டு நாளா வெறும் இரைச்சல். இன்னிக்கே கழட்டி சர்வீசுக்குக் கொடுத்துடறேன். திரும்பி வர மாசக்கணக்கில ஆகுமாம்."

"அய்யோ." அவர் தோள்கள் தொங்கின. பிறகு கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தார். "என்ன இப்படி வெளுத்துக் கெடக்கு? மீனெல்லாம் இளைச்சுப் போச்சே! பத்து நாளும் பட்டினியா போட்ட? சொல்லிட்டுத்தானே போனேன்?"

"மறந்துட்டேன்."

"எதை மறக்கறதுன்னு இல்லையா உனக்கு?"

அவள் சமையலறைக்குப் போய், ஆவி பறக்கும் இட்லி ஒன்றைத் தட்டில் வைத்து, ஒரு கரண்டி நெய்யை விட்டு எடுத்துவந்தாள். அவர் ஊதி ஊதி ஆற்றி, ஒரு துணுக்கைப் பிய்த்தார்.

"எடுத்துக்கோடா கண்ணு" என்றபடி நீரில் போட்டார்.

துணுக்கு மெல்ல ஊறிக் கீழே இறங்கியது. மீன்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. ஜோசியர் அடுத்த ராசிக்குப் போயிருந்தார். சுகந்தி ரிமோட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

பிறகு ஒரு மீன் பாசியை விட்டுவிட்டுத் திரும்பியது.